ஆடி மாதத்திலேயே மனுக் கொடுங்கள்

1985-ல் கோலாலம்பூர் செந்தூலில் என் அம்மா கழுத்தில் தாலி ஏறியது. மேளம், வாழைமரம், பந்தி எல்லாம் இருந்தன. பதிவு மட்டும் இல்லை. அப்பா இறந்தபின் போன இடமெல்லாம் திருமணச் சான்றிதழ் கேட்டார்கள். கல்யாண ஆல்பத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு அம்மா கவுண்டர் கவுண்டராக ஏறி இறங்கினார். உடன் போனவள் நான். அதனால்தான் எங்கள் வட்டாரத்தில் கல்யாணப் பேச்சு எழுந்தாலே, "பதிவுக்குப் போனீங்களா?" என்று முதலில் கேட்டுவிடுகிறேன்.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கான 1976-ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்பின் தாலி மட்டும் போதாது. மணமகள் வெளிநாட்டவர் என்றால் இன்னும் கவனம் தேவை: பதிவு இல்லாமல் பிறக்கும் குழந்தைக்கு அப்பாவின் மலேசியக் குடியுரிமை தானாக வராது. தமிழ் முஸ்லிம்களுக்கு வழி வேறு. அவர்கள் மாநில இஸ்லாமிய சமய இலாகாவுக்குப் போகவேண்டும்.

தேசியப் பதிவிலாகாவில் ஜேபிஎன்.கேசி02 பாரத்தை நிரப்பிக் கொடுங்கள். இருவரின் மைகார்டு (அடையாள அட்டை), நகல், படம் வேண்டும். மணமுறிவு ஆனவர் நீதிமன்றத்தின் இறுதி உத்தரவையும், துணையை இழந்தவர் இறப்புச் சான்றிதழையும் கொண்டுபோக வேண்டும். 21 வயது நிறையாதவருக்கு அப்பாவின் எழுத்துப்பூர்வ சம்மதம் தேவை. அப்பா இல்லையென்றால் அம்மாவுடையது. தாய்மாமனைக் கட்டுகிறவர்கள் பயப்படவேண்டாம். இந்து வழக்கப்படி அந்த உறவை இதே சட்டம் அனுமதிக்கிறது.

மனுக் கொடுத்ததும் அறிவிப்பு ஒட்டுவார்கள். ஆட்சேபம் இல்லாமல் 21 நாள் கடக்கவேண்டும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்: பத்திரிகை அடித்து, மண்டபம் பிடித்து, கடைசி வாரத்தில் ஓடுகிறார்கள். காத்திருப்பைத் தவிர்க்கச் சிறப்பு லைசென்ஸ் உண்டு, ஆனால் அதை நம்பி நாள் குறிக்காதீர்கள். ஆவணியில் முகூர்த்தமா? நாம் கல்யாணம் வைக்காத ஆடி முதல் வாரத்திலேயே மனுக் கொடுங்கள். தை என்றால் மார்கழி பிறந்ததும் போங்கள். ரொம்ப முன்னாடியும் வேண்டாம். மனுக் கொடுத்த ஆறு மாதத்துக்குள் திருமணம் நடக்கவேண்டும்.

கோயிலில் தாலி கட்டுவதென்றால், அங்கே திருமணத்தைப் பதிவுசெய்யும் துணைப் பதிவாளர் இருக்கிறாரா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். இருந்தால் தாலி கட்டிய கையோடு அங்கேயே கையெழுத்துப் போடலாம். இல்லையென்றால் முதலில் இலாகாவில் பதிவுத் திருமணம், பிறகு கோயில். இரண்டு சாட்சிகளும் மைகார்டோடு வரட்டும். சாட்சிகள் இருவருக்கும் 21 வயது ஆகியிருக்கவேண்டும். சாட்சிக்கு வரும் மாமா கல்யாண அவசரத்தில் மைகார்டை வீட்டில் வைத்துவிட்டு வருவார், முந்தின இரவே ஞாபகப்படுத்துங்கள்.

கையெழுத்துப் போடுமுன் பெயர்களை மைகார்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பெயரில் வரும் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) மாறியிருந்தாலும் அங்கேயே நின்று திருத்தச் சொல்லுங்கள்.