சி.ஏ. அறையில் ஆப்பிள்: கதவை மூடுமுன் நடக்கும் தவறுகள்

செப்டம்பர், அக்டோபரில் காஷ்மீரில் பறித்த டெலிஷியஸ் ஆப்பிள் ஏப்ரலிலும் கடித்தால் நொறுங்குகிறது. புல்வாமா மாவட்டத்து லாசிப்போரா போன்ற இடங்களில் உள்ள சி.ஏ. கிடங்குகள், அதாவது காற்றின் கலவையையே கட்டுப்படுத்தும் குளிர் அறைகள், செய்யும் வேலை அது. வெளிக்காற்றில் 21 சதவீதம் உள்ள ஆக்சிஜனை 2 சதவீதத்தை ஒட்டி இறக்கி, 0 டிகிரி குளிரில் பழத்தின் சுவாசத்தை மெதுவாக்குகிறார்கள். மெதுவாக்கத்தான் முடியும். பழுத்துவிட்டதைத் திருப்ப எந்த அறையாலும் ஆகாது.

அதனால் முதல் தவறு தோட்டத்திலேயே நடக்கிறது: நல்ல சிவப்பு ஏறட்டும் என்று மரத்தில் விட்டுவைப்பது. பழத்தைக் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தில் அயோடின் கரைசலைத் தடவிப் பாருங்கள். மாவுச்சத்து உள்ள இடம் கருநீலமாகும். முகம் முழுக்க வெளுத்தே இருந்தால் மாவுச்சத்தெல்லாம் சர்க்கரையாகிவிட்டது. அந்தப் பழத்தை உடனே விற்றுவிடுங்கள், உள்ளே வைத்தால் மாவாகத்தான் வெளியே வரும். ரொம்பக் காயாகப் பறிப்பதும் கூடாது. தோல் பழுப்பேறும் ஸ்கால்டு கோளாறு அத்தகைய பழத்தில்தான் அதிகம்; அறையில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, கடைக்கு வந்து சூடேறியதும் வெளிப்படும்.

பறித்த பெட்டிகளை நாள்கணக்கில் வெளியே அடுக்கிவைப்பது அடுத்த தவறு. குளிர்ந்ததா என்று பார்க்க, அறைக்காற்றின் வெப்பமானியை நம்பாமல் பழத்தின் சதைக்குள் ஊசியைச் செருகி அளக்க வேண்டும். நடு அடுக்குப் பெட்டிகள் கடைசியாகத்தான் குளிரும்.

ரகங்களைக் கலப்பது பெரிய நஷ்டம். டெலிஷியஸ் தாங்கும் 2 சதவீதக் கார்பன் டை ஆக்சைடை ஃபியூஜி தாங்காது, அதற்கு 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மீறினால் உட்சதை பழுத்து அல்ல, மூச்சுமுட்டிப் பழுப்பாகும், தோல் பளபளவென்றே இருக்கும்! ஆக்சிஜன் 1 சதவீதத்துக்குக் கீழே போனால் பெரும்பாலான ரகங்களில் புளிப்பேறிய சாராய வாடை வரும். எனவே அளவுக்கருவியைத் தவறாமல் சரிபாருங்கள்.

மாதிரிப் பழம் எடுக்கச் சிறு கதவு வழியே தலையை மட்டும்கூட நீட்டாதீர்கள். இரண்டு சதவீத ஆக்சிஜனில் ஓரிரு மூச்சிலேயே மயக்கம் வரும், எந்த வாடையும் எச்சரிக்காது. விழுந்தவரை மீட்க ஓடுபவரும் சுவாச சிலிண்டர் இல்லாமல் நுழைந்தால் இறந்துபோவார்.