வாடகை வீடு விற்கப்படும்போது குடியிருப்போர் செய்ய வேண்டியவை

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ நீங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார் என்பதற்காக மட்டும் நீங்கள் வெளியேற வேண்டியதில்லை. இலங்கையில் நடைமுறையிலுள்ள உரோமன்-டச்சுச் சட்டத்தின்படி வாடகை உரிமை விற்பனைக்கு முந்தியது. எனவே, வாங்குபவர் பழைய உரிமையாளரின் இடத்துக்கு வருகிறாரே தவிர, நடப்பிலுள்ள ஒப்பந்தத்தைத் தம் விருப்பப்படி முறித்துவிட முடியாது. (தோட்ட லயன் வீடுகள் நிர்வாகத்தின் பொறுப்பில் இருப்பதால் அவை வேறு விடயம்.)

ஆனால் இந்தப் பாதுகாப்பு உங்கள் கையிலுள்ள ஆவணத்தைப் பொறுத்தது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் கூறுகிறது. அதைக் காணிப் பதிவகத்தில் பதியாமல் விட்டால், பின்னர் விலைகொடுத்து வாங்கித் தமது காணி உறுதியை (உரிமைப் பத்திரத்தை) முதலில் பதிந்தவர் உங்களை முந்திவிடக்கூடும். பதிவுச் செலவை மிச்சப்படுத்துவது எந்த வகையிலும் இலாபமாகாது.

புதிய உரிமையாளரின் உறுதியைப் பார்த்த பின்னரே அவருக்கு வாடகை செலுத்திப் பற்றுச்சீட்டு பெறுங்கள். முற்பணத்தை யார் திருப்பித் தருவார் என்பதைப் பழைய, புதிய உரிமையாளர்கள் இருவரிடமும் கையொப்பத்துடன் எழுதி வாங்குங்கள்.

நீதிமன்றக் கட்டளையின்றிப் பூட்டை மாற்றிப் பலவந்தமாக வெளியேற்றினால் உடனே பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி, இரண்டு மாதங்களுக்குள் விடயம் நீதிமன்றத்தை எட்டினால் வீட்டை மீளப் பெற வழியுண்டு. சட்டத்தரணிக்குப் பணமில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.