ஒரு அங்குலப் படத்தை வைத்து வன்னியில் பழைய குளமொன்றைத் தேடிப் போதல்

இலங்கையின் வடக்கே வன்னியில் பழைய இடவிளக்கப்படத்தை வீதியிலிருந்து வாசிக்கத் தொடங்கினால் வழி தவறும். குளத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். வண்டிப்பாதை ஆளில்லாமல் சில மாரி கிடந்தாலே பற்றை மூடிவிடும். குளக்கட்டு அப்படியல்ல, உடைப்பெடுத்து நூறு வருடம் போனாலும் மேடாக நிற்கும்.

நில அளவைத் திணைக்களத்தின் ஒரு அங்குலப் படம் 1:63,360 அளவுத்திட்டத்தில் உள்ளது, அதாவது தரையில் ஒரு மைல் தாளில் ஒரு அங்குலம். முழுத் தீவுக்கும் 72 தாள். பின்னால் வந்த 1:50,000 படத்தில் 92 தாள். உங்கள் இடத்துக்கு இரண்டையும் எடுங்கள். ஓரக் குறிப்பில் அளவை செய்த ஆண்டு வேறு, அச்சிட்ட ஆண்டு வேறு. முன்னதையே நம்புங்கள், மறுபதிப்பில் வீதியை மட்டும் திருத்திவிட்டு மிச்சத்தை அப்படியே விடுவதுண்டு. வவுனிக்குளம் மீளக் கட்டப்பட்டது 1950களில். அதற்கு முன் அளந்த தாளில் இன்றைய நீர்ப்பரப்பைத் தேடிப் பயனில்லை.

ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஒரு அங்குலப் படத்தில் அவை 100 அடி உயரத்துக்கு ஒன்று. இந்தத் தட்டை நிலத்தில் ஒரு குளம், வயல், ஊர் எல்லாமே இரண்டு கோட்டுக்கு நடுவில் அடங்கிவிடும்.

தாளை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கான் செய்தால் ஒரு பிக்சல் தரையில் ஏறத்தாழ 5.4 மீற்றர். அதைக் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில், படத்தைத் தரை ஆள்கூறுகளோடு பொருத்தும் ஜியோரெஃபரன்சர் கருவியில் திறவுங்கள். பழைய தாள்கள் கண்டவல ஆதாரத்தில், அதாவது ஜிபிஎஸ் பயன்படுத்துவதிலிருந்து வேறான உள்ளூர் ஆள்கூற்று அடிப்படையில், அமைந்தவை. அந்த ஆள்கூறுகளை மாற்றாமல் ஜிபிஎஸ்-க்கு ஏற்றினால் ஏறத்தாழ இருநூறு மீற்றர் தள்ளிப் போகும், காட்டுக்குள் அது பெரிய தூரம். செய்மதிப் படத்தைப் பார்த்து நிலையான இடங்களைப் பொருத்துவது சுகமான வழி. புகையிரதக் கடவை, பெரிய குளங்களின் கட்டு முனை, பழைய துருசு (குளத்து நீரைத் திறந்துவிடும் மதகு) ஆகியவை நல்லவை. கனகராயன் ஆற்றின் வளைவு, களப்புக் கரை, ஏ9 வீதியின் சந்திகள் வேண்டாம். ஆறும் கரையும் நகரும், சந்திகளைப் பிறகு மாற்றிக் கட்டியிருக்கலாம்.

எட்டுப் பத்துப் புள்ளிகளைத் தாளின் நான்கு மூலைக்கும் பரவலாக வையுங்கள். முதலில் முதற்படிப் பல்லுறுப்பில் (தாள் முழுவதையும் ஒரே சீராக நகர்த்தி, திருப்பி, நீட்டும் முறை) ஓட்டி ஒவ்வொரு புள்ளியின் பிழையையும் பாருங்கள். 20 பிக்சலுக்கு மேல் காட்டும் புள்ளி நூறு மீற்றருக்கு மேல் தப்பு. இடம் மாறிக் குத்தியிருப்பீர்கள். மடிப்பால் தாள் இழுபட்டிருந்தால் கடைசியில் மட்டும் தின் பிளேட் ஸ்பிளைனுக்கு, அதாவது தாளை இடத்துக்கிடம் வளைத்துப் பொருத்தும் முறைக்கு, மாறுங்கள். அது எல்லாப் புள்ளியையும் பிழையில்லாமல் உட்கார வைத்துவிடும், தவறாகக் குத்தியதையும் சேர்த்து. அதனால்தான் முதலில் அதைத் தொடக் கூடாது. கிடைக்கும் ஜியோடிஃப் கோப்பை (ஆள்கூறு சேர்ந்த படக் கோப்பு) கைப்பேசியில் கியூஃபீல்ட் செயலியில் போட்டுக்கொள்ளலாம்.

இனிச் செய்மதிப் படத்தை மேலே போட்டு ஒப்பிடுங்கள். வில் போல வளைந்த மர வரிசை, அதன் ஒரு பக்கம் வட்டமான புல்வெளி, மறுபக்கம் பழைய வயல் வரம்புகள்: அது கட்டுத்தான். வரிசை நடுவில் அறுந்து அங்கே நீரோடை ஊடறுத்தால் அதுவே உடைப்பு.

புறப்படுமுன் கிராம அலுவலரிடம் மிதிவெடி நிலவரத்தைக் கேட்டே ஆக வேண்டும். படத்தில் பாதை இருக்கிறது என்பதற்காக அதில் கால் வைக்காதீர்கள்; போரின்போது வெடி புதைத்த இடங்கள் இந்தப் பழைய கட்டுகளையும் பாதைகளையும் ஒட்டியும் இருக்கலாம். சிவப்பு மண்டையோட்டுப் பலகையைக் கண்டால் வந்த சுவட்டிலேயே திரும்புங்கள். கமக்காரரிடம் “ஐயா, அந்தக் கட்டடிக்கு ஆக்கள் இப்ப போய் வாறவையோ?” என்று கேளுங்கள். மாடு மேய்கிறது என்பது அத்தாட்சியாகாது. ஒதுக்குக் காடென்றால் வனத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்.

ஆவணி, புரட்டாசியில் தண்ணீர் வற்றி அலைகரை (குளத்தின் நீரோரம்) வெளித் தெரியும். அந்த மாதங்களில் யானையும் மிஞ்சிய தண்ணீரைத் தேடித்தான் வரும், ஆகவே விடியப் போய்ப் பின்னேரம் மூன்று மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். கட்டின் இரு முனை, துருசு, கலிங்கு (மிகை நீர் வழியும் இடம்), உடைப்பு ஐந்துக்கும் தனித்தனியே ஜிபிஎஸ் புள்ளி எடுங்கள். செங்கல், கல்தூண் கண்டால் புகைப்படம் மட்டும். கிளறுவது தொல்பொருள் சட்டப்படி குற்றம்.