வீட்டில் கார் சார்ஜ் ஏறவில்லையா? முதலில் சுவரைப் பாருங்கள்

மின்சாரக் காருக்காக 15 ஆம்ப் பாயிண்டில் செருகும் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தால் பலரும் உடனே சர்வீஸ் சென்டரைக் கூப்பிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு காரில் இருக்காது, வீட்டு வயரிங்கில்தான் இருக்கும்.

விளக்கு சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் காரின் செட்டிங்கைப் பாருங்கள். இரவு 11 மணிக்குத்தான் தொடங்க வேண்டும் என்று நேரம் குறித்திருக்கலாம், 80 சதவீதத்தோடு நிறுத்தச் சொல்லியிருக்கலாம். காரில் செருகும் சார்ஜர் முனை (கன்) முழுதாக உள்ளே போய் 'கிளிக்' என்று பூட்டிக்கொண்டதா என்றும் பாருங்கள்.

சிவப்பு விளக்குக்கு முதல் சந்தேகம் எர்த். மல்டிமீட்டர் பிடித்துப் பழகியவர் மட்டும் சாக்கெட்டில் அளக்கலாம், மற்றவர்கள் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். பேஸுக்கும் (கரண்ட் வரும் வயர்) நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பும் வயர்) இடையே சுமார் 230 வோல்ட், பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பேஸ்-எர்த் அளவு 100, 120 என்று தடுமாறினால் எர்த் வயரே வந்து சேரவில்லை என்று கொள்ளலாம். அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் இது சகஜம்: மீட்டர் பெட்டியிலிருந்து இரண்டு வயர் மட்டும் இழுத்துவிட்டு, மூன்றாவதை விட்டிருப்பார்கள்.

அளவு சரியாக வந்தாலும் எர்த் நல்லது என்று அர்த்தமில்லை. லோடு இல்லாமல் அளக்கும்போது மோசமான எர்த்தும் 230 காட்டும். உப்பும் கரியும் போட்ட பழைய எர்த் குழி கோடையில் காய்ந்துவிடும். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிய பிறகு சார்ஜ் ஏறினால் காரணம் அதுதான். எர்த் டெஸ்டர் வைத்திருப்பவரைக் கொண்டு எர்த்தின் மின்தடையை அளந்து, 5 ஓமுக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துச் சார்ஜரை ஏமாற்றும் பழக்கம் இருக்கிறது. விளக்கு பச்சையாகிவிடும். ஆனால் எங்காவது நியூட்ரல் அறுந்தால், அந்த வயர் வழியாகக் காரின் உடம்பு முழுவதும் கரண்ட் ஏறும். ஈரத் தரையில் நின்று கதவைத் தொடுபவர் உயிர் போகும். இதைச் செய்து தருகிறேன் என்கிற எலக்ட்ரீஷியனைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது, தொடங்கிவிட்டுப் பாதியில் நிற்பது. அரை மணி நேரம் ஓடியபின் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி அதன் பின்களுக்கு அருகே தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு, பழுப்புக் கறை, கருகல் வாடை, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த சாக்கெட்டை மாற்றுங்கள். லூஸான இணைப்பில் 10 வோல்ட் இழந்தால், 15 ஆம்ப் ஓடும்போது அந்தச் சின்ன இடத்தில் 150 வாட் சூடு உண்டாகிறது. 6 ஆம்ப், 16 ஆம்ப் பிளக் இரண்டும் செருகும் கூட்டு சாக்கெட் வேண்டாம், பிடிப்பு சீக்கிரம் தளர்ந்துவிடும். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள 16 ஆம்ப் சாக்கெட்டும், மீட்டர் பெட்டியிலிருந்து தனியாக வரும் 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயரும் போதும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

மெதுவாக ஏறுகிறது என்றால் வோல்டேஜைப் பாருங்கள். 15 ஆம்பில் 230 வோல்ட்டுக்கு 3.45 கிலோவாட் கிடைக்கும், 190-க்கு 2.85 மட்டுமே. தெருவெல்லாம் ஏசி ஓடும் கோடை இரவில் குறைகிறதென்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தில் புகார் கொடுங்கள். சார்ஜரைப் போட்டவுடன் மட்டும் விழுகிறதென்றால் குறை உங்கள் வயரிங்கில்.

டிரிப் ஆவதிலும் வித்தியாசம் உண்டு. எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்) போட்டவுடனே விழுந்தால் ஷார்ட். ஒரு மணி நேரம் கழித்து விழுந்தால் சூடு: 16 ஆம்ப் எம்சிபி, வெயில் படும் பெட்டியில் 15 ஆம்பைத் தொடர்ந்து தாங்காது. 20 ஆம்புக்கு மாற்றலாம், ஆனால் வயர் 4 ஸ்கொயர் எம்எம் என்று உறுதியானால் மட்டும். ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணையும் ஸ்விட்ச்) விழுந்தால் அது கசிவு. 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, கசிவு 15 மில்லி ஆம்பைத் தாண்டினாலே விழலாம். ஃப்ரிட்ஜ், மோட்டார், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் சிறு கசிவும் சேர்ந்திருக்கும்போது, காரின் கசிவும் சேர்ந்து அந்த அளவைத் தாண்ட வைத்துவிடுகிறது. காருக்கென்று 'டைப் ஏ' ஆர்சிசிபி ஒன்றைத் தனியாகப் போடுங்கள்.

நல்ல எர்த் உள்ள வேறொரு வீட்டிலும் அதே கோளாறு வந்தால் சார்ஜரோ காரோதான் காரணம். விளக்கு மின்னும் விதத்தை வீடியோ எடுத்து, அளந்த வோல்டேஜையும் எழுதிக்கொண்டு சர்வீஸுக்குப் போங்கள்.