பேஸ் கிட்டாரில் ஸ்டீரியோ வயரிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேஸ் கிட்டாரின் இரண்டு பிக்கப்புகளையும் (கம்பிகளின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் காந்தச் சுருள்களையும்) தனித்தனிச் சேனல்களாக வெளியே எடுத்தால், பிரிட்ஜ் (கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) பக்கத்து ஒலிக்கு மட்டும் டிஸ்டார்ஷன் எனும் கரகரப்பைக் கொடுத்து, நெக் பக்கத்தின் அடர்ந்த கீழ் ஒலியைத் தொடாமல் வைத்துக்கொள்ளலாம். ரிக்கன்பேக்கர் 4001 மாடலில் இதற்கென்றே தனி ஜாக் (கேபிள் செருகும் துளை) இருந்தது. மற்ற கிட்டார்களில் இதைச் செய்ய முனைவோர் பலர், ஜாக்கை மாற்றி ஒரு வயரை நகர்த்தினால் போதும் என்று எண்ணிவிடுகிறார்கள். மோனோ வயரிங்கில், அதாவது எல்லாம் ஒரே சேனலாக வெளிவரும் வழக்கமான அமைப்பில், இரு பிக்கப்புகளும் பலவற்றைப் பொதுவில் வைத்திருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக யோசித்துப் பிரிக்காததே பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம்.

ஜாஸ் பேஸ் வகையில் இரு வால்யூம் கண்ட்ரோல்களும் ஒரே டோன் கண்ட்ரோலில் வந்து சேர்கின்றன. அந்த இணைப்பை அப்படியே விட்டால் சேனல்கள் பிரியவே மாட்டா. ஒவ்வொரு சேனலுக்கும் தனி டோன் கண்ட்ரோலும், 0.047 மைக்ரோஃபாரட் அளவில் தனி மின்தேக்கியும் வேண்டும். இடம் போதவில்லை என்று புதிய துளை போடத் தேவையில்லை. 1960-இல் வெளிவந்த முதல் ஜாஸ் பேஸ்களைப் போல ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ட்ரோல்களைப் பொருத்தலாம். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: ஒரு பிக்கப்பின் வால்யூமைக் குறைத்தால் மற்றதும் அடங்கிவிடாதிருக்க, இவ்வகைக் கிட்டாரில் பிக்கப் வயரை கண்ட்ரோலின் மூன்று முனைகளில் நடு முனையில் சால்டர் செய்திருப்பார்கள். பிரித்த பிறகு அதற்குத் தேவையில்லை. மேலும், அந்த இணைப்பில் வால்யூமைச் சுழியத்தில் வைக்கும்போது வெளியேறும் வயர் நேராக கிரவுண்டை (சுற்றின் பொது இணைப்பை) தொடாமல் 250 கிலோ ஓம் தடையின் வழியாகவே தொடுவதால் இரைச்சல் நுழையும். ஆகவே பிக்கப்பை ஓர முனைக்கு மாற்றி, நடு முனையிலிருந்து வெளியீட்டை எடுப்பதே சரி.

இரைச்சலைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். ஜாஸ் பேஸ் பிக்கப்புகள் எதிரெதிராகச் சுற்றப்பட்டு, காந்தமுனைகளும் மாறியிருப்பதால், இரண்டும் கலக்கும்போது மின்விநியோக ஹம் (தொடர்ந்த ரீங்காரம்) நீங்குகிறது. பிரித்துவிட்டால் ஒவ்வொரு சேனலும் தன் ஹம்முடனேயே வெளியே வரும். பிரெசிஷன் பேஸின் இரட்டைத் துண்டுப் பிக்கப்பைப் பிரிப்பதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்: ஹம் திரும்புவதோடு, இரு தடித்த கம்பிகள் ஒரு பக்கமும் மெல்லியவை மறுபக்கமுமாகப் பாடல் பிளந்துபோகும்.

அதிகம் குழப்புவது ஜாக்தான். ஸ்டீரியோ ஜாக்கில் சாதாரண மோனோ கேபிளைச் செருகினால் ரிங் முனை (இரண்டாம் சேனலைச் சுமக்கும் தொடுபுள்ளி) கிரவுண்டுடன் சேர்ந்து, அதிலுள்ள பிக்கப் மௌனமாகிவிடும். அதனால் மோனோவுக்குத் தனி ஜாக்கோ ஒரு சுவிட்சோ அவசியம். ஸ்டீரியோ கேபிளை மிக்சரின் பேலன்ஸ்டு உள்ளீட்டில் நேராகச் செருகுவதும் தவறு. அது ஒரு பிக்கப்பை மற்றதிலிருந்து கழித்துவிடுவதால் கீழ் ஒலி சரிந்துவிடும். இரு மோனோ பிளக்குகளாகப் பிரியும் கேபிளே ஏற்றது. பேட்டரியில் இயங்கும் ப்ரீஆம்ப் (சிக்னலை உள்ளேயே பெருக்கும் சுற்று) உள்ள கிட்டார்களில் ரிங் முனை பெரும்பாலும் பேட்டரியை இயக்கவே பயன்படுகிறது; அங்கே இந்த மாற்றத்தைச் செய்யுமுன் பேட்டரி இணைப்புக்கு வேறு வழி காண வேண்டும்.

வேலை முடிந்ததும் இரு சேனல்களையும் மோனோவாகக் கலந்து, 41 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கும் கீழ் ஈ கம்பியை மீட்டிப் பாருங்கள். ஒலி மெலிந்து கேட்டால் ஃபேஸ் எதிராக இருக்கிறது, அதாவது இரு சிக்னல்களும் ஒன்றையொன்று அழிக்கின்றன. ஒரு பிக்கப்பின் இரு வயர்களை மாற்றிச் சால்டர் செய்ய வேண்டும். ஆனால் உலோக உறையோ கவச வயரோ கிரவுண்ட் முனையோடு சேர்ந்திருந்தால், முதலில் அதைப் பிரித்துத் தனியே கிரவுண்ட் செய்யுங்கள். இல்லையேல் உறையே ஆன்டெனாவாகி உறுமும்.

இரு சேனல்களையும் இரு ஆம்ப்ளிஃபயர்களில் கொடுக்கும்போது கிரவுண்ட் லூப்பினால் (இரு எர்த் வழிகள் சேர்ந்து உருவாகும் வளையத்தால்) ஹம் வருவது இயல்பு. அதை நிறுத்த மின்பிளக்கின் எர்த் முனையை யாரும் துண்டிக்கவே கூடாது. பிரிட்ஜ் வழியாகக் கம்பிகள் கிரவுண்டுடன் இணைந்திருப்பதால், ஆம்ப்ளிஃபயரில் கோளாறு ஏற்பட்டால் மின்சாரம் நேராக வாசிப்பவரின் விரல்களுக்கே வரும். ஒரு சேனலில் மட்டும் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியைப் பொருத்தி, கேபிளின் கிரவுண்டை மட்டும் துண்டிக்கும் அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் பயன்படுத்தினால் ஹம் நிற்கும்; எர்த்தும் அப்படியே இருக்கும்.