எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் அழியாமல் நிற்கும் 200 எம்பி பார்ட்டிஷனை நீக்குவது எப்படி?

போன மாசியில், தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நாலு வருடக் காமன் கூத்தை டிவியில் போட்டுக் காட்டுவதாக எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். நான் எடுத்த பதிவுகள்தான். கொழும்பில் வீடியோ எடிட்டிங் செய்யும் சித்தப்பா மகன் அவற்றை ஒழுங்குபடுத்தி, புது 1 டிபி ஹார்ட் டிஸ்கில் போட்டு ஹட்டனுக்கு அனுப்பிவிட்டான். டிவியில் சொருகினேன். திரையில் ‘ஈஎஃப்ஐ’ என்று ஒரு பெயர், 200 எம்பி, உள்ளே ஒரு வீடியோவும் இல்லை. ரதி வேஷம் கட்டிய பையன்கள், தப்பைத் தீயில் காய்ச்சும் தாத்தா என்று எல்லோரும் பாயில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு லெப்டொப் திரையில்தான் காட்டி முடித்தேன். அடுத்த இரண்டு இரவுகள் இந்த 200 எம்பி பார்ட்டிஷனோடு, அதாவது டிஸ்கில் தனியாகப் பிரித்து வைத்த ஒரு பகுதியோடு, போராடினேன். அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பார்ட்டிஷன் எங்கிருந்து வருகிறது?

சித்தப்பா மகன் வைத்திருப்பது மேக். மேக்கில் ஜிபிடி முறையில் (டிஸ்கின் பார்ட்டிஷன் பட்டியலை எழுதி வைக்கும் புதிய முறை) ஒரு டிஸ்கை ஃபார்மட் செய்தால், டிஸ்கின் தொடக்கத்திலேயே 200 எம்பி அளவில் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒன்றைத் தானாகவே போட்டுவிடும். கணினியைத் தொடக்கி வைக்கும் கோப்புகளுக்கான இடம் அது. வெறுமனே படமும் வீடியோவும் வைக்கிற டிஸ்குக்கு அது தேவையில்லை. என்னுடைய டிவி டிஸ்கின் முதல் பார்ட்டிஷனை மட்டும் திறந்து பார்க்கும் ரகம். அதனால் பின்னால் இருந்த 931 ஜிபியை அது கண்டுகொள்ளவே இல்லை.

(1 டிபி வாங்கினால் 931 ஜிபிதான் தெரியும். தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. யாரும் உங்களை ஏமாற்றவில்லை. இந்த 931 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே உதவும். 500 ஜிபி டிஸ்க் என்றால் அது 465.)

ஆரம்பிக்குமுன்

டிஸ்கில் இருப்பதற்கு இன்னொரு பிரதி இருக்க வேண்டும். என்னிடம் மெமரி கார்டுகளில் மூலப் பதிவுகள் இருந்தன. நான் பதிவு செய்த ஆட்களில் இரண்டு பேர் இன்று உயிரோடு இல்லை. அவர்கள் பாடும் முறை வேறு எங்கும் பதிவாகவில்லை. அப்படியான டிஸ்கில் கை வைக்கும்போது ஒரு பிரதி போதாது என்றுதான் சொல்வேன்.

கரண்ட் விஷயமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் பின்னேரமானால் இடி மின்னல்தான். லெப்டொப்பை முழுதாகச் சார்ஜ் செய்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் செய்யுங்கள். டெஸ்க்டொப் வைத்திருப்பவர்கள் காலையில் செய்வது நல்லது. ஹார்ட் டிஸ்க் கேபிள் ஆட்டம் கண்டிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். அந்த அகலமான தட்டைத் தலைக் கேபிள் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

படி 1: டிஸ்க் மேனேஜ்மென்டில் பாருங்கள்

விண்டோஸ் சாவியையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட் இருக்கும். கீழ்ப்பகுதியில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று வரிசையாகத் தெரியும். நீக்க வேண்டிய பார்ட்டிஷன்மேல் வலது கிளிக் செய்து ‘டெலிட் வொல்யூம்’ அழுத்துங்கள்.

அது வேலை செய்தால் இந்தப் பதிவின் மீதி உங்களுக்குத் தேவையில்லை. சாதாரணப் பார்ட்டிஷன் என்றால் இப்படியே போய்விடும். ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் என்றால் அந்த வரி சாம்பல் நிறத்தில் மங்கி இருக்கும், அல்லது மெனுவில் எதையுமே அழுத்த முடியாது. அப்போது படி 2.

இதற்கென்று இணையத்தில் இலவசம் என்று கிடைக்கும் பார்ட்டிஷன் மென்பொருட்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். நான் இறக்கிய ஒன்று எல்லாம் செய்வதுபோலக் காட்டிவிட்டுக் கடைசிப் பொத்தானில் காசு கேட்டது. விண்டோஸுக்குள்ளேயே இருக்கிற டிஸ்க்பார்ட் போதும். அது கருப்புத் திரைதான், ஆனால் செய்வதை நேராகச் செய்யும்.

படி 2: டிஸ்க்பார்ட்டைத் திறங்கள்

ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தேடி, கொமாண்ட் ப்ராம்ப்ட்மேல் வலது கிளிக் செய்து ‘ரன் ஏஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுங்கள். கீழே நான் தமிழில் எழுதும் கட்டளைகளை நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். முதலாவது:

டிஸ்க்பார்ட்

இடைவெளி இல்லாமல் ஒரே சொல். என்டர்.

படி 3: எது உங்கள் டிஸ்க்?

இந்த இடத்தில் நிதானமாக இருங்கள். டிஸ்க்பார்ட் ‘நிச்சயமாகவா?’ என்று கேட்காது. சொன்னதும் செய்துவிடும். லெப்டொப்பின் உள் டிஸ்கிலும் இதே மாதிரி ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் அதிலிருந்துதான் தொடங்குகிறது. அது போனால் கணினி எழும்பாது.

நான் செய்யும் முறை இது. பென் டிரைவ், மெமரி கார்ட், போன் கேபிள் எல்லாவற்றையும் கழற்றிவிடுவேன். எக்ஸ்டர்னல் டிஸ்கையும் கழற்றிவிட்டு முதலில் ஒரு தடவை தட்டுவேன்:

லிஸ்ட் டிஸ்க்

டிஸ்க் 0 மட்டும் வரும். இப்போது எக்ஸ்டர்னல் டிஸ்கைச் சொருகி, பத்து விநாடி விட்டு, அதே கட்டளையை மறுபடி தட்டுவேன். புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கும். என் திரையில் டிஸ்க் 1, 931 ஜிபி. ஜிபிடி என்ற கடைசிச் செங்குத்து வரிசையில் ஒரு நட்சத்திரக் குறியும் இருந்தது. இரண்டு பட்டியலுக்கும் இடையில் வந்த அந்த வரிதான் உங்கள் டிஸ்க்.

உள் டிஸ்கும் 1 டிபியாக இருப்பவர்கள் அளவை மட்டும் நம்பவே கூடாது. கழற்றிச் சொருகிப் பார்க்கும் இந்த வழிதான் அவர்களுக்குச் சரி. நேற்று டிஸ்க் 1 ஆக இருந்தது இன்று டிஸ்க் 2 ஆகலாம், ஒவ்வொரு தடவையும் பாருங்கள். பிறகு:

செலெக்ட் டிஸ்க் 1

லிஸ்ட் பார்ட்டிஷன்

எனக்கு வந்தது இரண்டு வரி. பார்ட்டிஷன் 1, வகை ‘சிஸ்டம்’, 200 எம்பி, ஆஃப்செட் (டிஸ்கில் அது தொடங்கும் இடம்) 20 கேபி. பார்ட்டிஷன் 2, வகை ‘பிரைமரி’, 931 ஜிபி. இரண்டும் நான் எதிர்பார்த்தபடி இருந்ததால்தான் மேலே போனேன். உங்கள் திரையில் மூன்று நாலு வரி வந்து, ஒன்று ‘ரிகவரி’ என்றும் இன்னொன்று நூற்றுக்கணக்கான ஜிபி என்றும் இருந்தால் அது உள் டிஸ்காக இருக்கக்கூடும். எக்ஸிட் என்று தட்டி வெளியே வந்து முதலிலிருந்து பாருங்கள்.

படி 4: நீக்குவது

செலெக்ட் பார்ட்டிஷன் 1

லிஸ்ட் பார்ட்டிஷனை இன்னொரு தடவை தட்டினால் தேர்ந்தெடுத்த வரிக்கு முன்னால் நட்சத்திரம் விழுந்திருக்கும். இன்னும் சந்தேகம் என்றால் டீட்டெய்ல் பார்ட்டிஷன் என்று தட்டுங்கள். ‘டைப்’ என்ற வரியில் சி12ஏ7328 என்று தொடங்கும் நீளமான எண் வந்தால் அது ஈஎஃப்ஐ பார்ட்டிஷனேதான்.

இங்கேதான் என்னுடைய முதல் இரவு போனது. வெறும் ‘டெலிட் பார்ட்டிஷன்’ என்று தட்டினால், பாதுகாக்கப்பட்ட பார்ட்டிஷனை இப்படி அழிக்க முடியாது என்று ஒரு பிழைச் செய்தி வரும். கூடவே இன்னொரு சொல் வேண்டும்:

டெலிட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு

சித்தப்பா மகன் அந்தச் சொல்லைப் போனில் சொன்னான். மழை நாள், சிக்னல் விட்டு விட்டு வந்தது. என் காதில் ‘ஓவர்ரைட்’ என்று விழுந்தது. எழுதுவதைக் குறிக்கும் ரைட் என்று நினைத்து டபிள்யூவில் தொடங்கித் தட்டினேன். கட்டளை தவறு என்று திரும்பத் திரும்ப வந்தது. டிஸ்க் பழுதோ, கேபிள் பழுதோ என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். மறுநாள் அவன் எழுத்து எழுத்தாக மெசேஜ் அனுப்பிய பிறகுதான் விளங்கியது. ஓவர் என்பதற்குப் பிறகு வருவது சவாரி செய்வதைக் குறிக்கும் ரைடு: ஆர், ஐ, டி, இ. தடையை மீறிச் செய் என்று பொருள். இடைவெளி இல்லாமல் ஓவரோடு சேர்த்துத் தட்ட வேண்டும்.

சரியாகத் தட்டியதும் ஒரே விநாடியில் முடிந்தது. எக்ஸிட் தட்டி வெளியே வந்து, டிஸ்கை முறையாக இஜெக்ட் செய்து கழற்றினேன்.

டிவியில் சொருகியபோது நாலு வருடத்துக்கும் நாலு ஃபோல்டர் வரிசையாக வந்து நின்றன. அடுத்த ஞாயிறு மறுபடி மண்டபத்தில் போட்டோம்.

மிச்சமாகும் 200 எம்பி

டிஸ்க் மேனேஜ்மென்டில் பார்த்தால் தொடக்கத்தில் ‘அன்அலொகேட்டட்’ என்று ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். அதைப் பெரிய பார்ட்டிஷனோடு சேர்க்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். விண்டோஸில் ‘எக்ஸ்டெண்ட் வொல்யூம்’ ஒரு பார்ட்டிஷனை வலப்பக்கமாகத்தான் நீட்டும். இந்தக் காலி இடம் இடப்பக்கம் இருக்கிறது. மேக், விண்டோஸ் இரண்டிலும் திறக்கும் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்திருந்தால் எந்தப் பக்கமும் நீட்டாது. வேறு கருவிகளால் முழுப் பார்ட்டிஷனையும் இடப்பக்கம் நகர்த்தலாம்தான். அப்படிச் செய்தால் டிஸ்கில் உள்ள ஒவ்வொரு கோப்பும் இடம் மாற வேண்டும், பல மணி நேரம் ஓடும். நடுவில் கரண்ட் போனால் எல்லாமே சிக்கல். 931 ஜிபியில் 200 எம்பி ஒரு சின்ன வீடியோத் துண்டுக்குக்கூடக் காணாது. அப்படியே விட்டுவிடுங்கள், நானும் விட்டுவிட்டேன்.

இன்னொன்று. இதே பிரச்சினைக்கு முதல் கட்டளையாக ‘கிளீன்’ தட்டச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. கிளீன் முழு டிஸ்கின் பார்ட்டிஷன் பட்டியலையும் துடைத்துவிடும். ஒரு சின்னப் பார்ட்டிஷனை நீக்க அது வேண்டாம்.

பிறகு சேர்த்தவை

*பழைய லெப்டொப் டிஸ்க்:* பதுளையிலிருந்து ஒரு தம்பி கேட்டார். உடைந்த லெப்டொப்பின் ஹார்ட் டிஸ்கைக் கேசிங்கில் போட்டு எக்ஸ்டர்னலாகப் பாவிக்கிறார். அதில் ரிகவரி பார்ட்டிஷன் அழியவில்லை. இதே ஓவர்ரைடு அதற்கும் வேலை செய்யும். ஆனால் அதற்கு முன் பழைய ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குள் போய்ப் பாருங்கள். டெஸ்க்டொப்பிலும் டவுன்லோட்ஸிலும் பிறப்புச் சான்றிதழ் ஸ்கேன், சாதாரண தரப் பெறுபேறு என்று ஏதாவது கிடக்கும்.

*பெரிய பார்ட்டிஷன் விண்டோஸில் திறக்கவில்லை என்றால்:* அது மேக்குக்கே உரிய முறையில் ஃபார்மட் ஆகியிருக்கலாம். விண்டோஸ் அதற்கு டி, இ போன்ற டிரைவ் எழுத்து ஒதுக்காது, காலியாக இருப்பதுபோலத் தோன்றும். வேண்டாத பார்ட்டிஷன் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டாலும் கென்சல் கொடுங்கள். மேக் வைத்திருக்கும் யாரிடமாவது கொண்டுபோய் உள்ளே இருப்பதை முதலில் எடுத்துவிடுங்கள்.

*தவறான பார்ட்டிஷனை அழித்துவிட்டேன்:* அந்த டிஸ்கில் புதிதாக எதையும் எழுதாதீர்கள், ஃபார்மட் செய்யாதீர்கள். அழிந்தது பட்டியலில் இருந்த பெயர்தான், கோப்புகள் அதே இடத்தில் கிடக்கின்றன. டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவி தொலைந்த பார்ட்டிஷனைத் தேடி எடுத்துப் பட்டியலில் திரும்பச் சேர்க்கும்.

*நீக்கிய பிறகும் டிவி வாசிக்கவில்லை:* தலவாக்கலை அக்கா ஒருவருக்கு இப்படி. சில பழைய டிவிகளுக்கு ஜிபிடி முறையே தெரியாது, அதற்கு முந்தைய எம்பிஆர் முறை வேண்டும். இந்த ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் கிளீன் சரி. எல்லாவற்றையும் வேறு டிஸ்குக்குக் கொப்பி செய்து, கொப்பியானவற்றில் நாலைந்தைத் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகு, படி 3 போல டிஸ்கைத் தேர்ந்தெடுத்து வரிசையாக இவற்றைத் தட்டுங்கள்:

கிளீன்

கன்வர்ட் எம்பிஆர்

கிரியேட் பார்ட்டிஷன் பிரைமரி

பிறகு எக்ஸிட் கொடுத்து, டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்தப் பார்ட்டிஷனை என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். எம்பிஆர் 2 டிபி வரைக்கும்தான் தாங்கும், அதற்கு மேற்பட்ட டிஸ்குக்கு இந்த வழி வேண்டாம். ஃபேட்32 பக்கம் போகாதீர்கள், 4 ஜிபியை எட்டும் ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. இரவு முழுக்க எடுத்த கூத்துப் பதிவு ஒரே கோப்பாக இருந்தால் அதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும்.