லீவுக்கு வீட்டுக்கு வந்தால் போனை என்ன செய்வது?

கொழும்பில் வேலை செய்துவிட்டு லீவுக்கு ஹட்டன், பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். அம்மா பகல் முழுக்க மலையில் கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு அந்தியில்தான் வருவார். அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, மலையில் நடந்தது, பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று அவர் மனம்விட்டுப் பேசுகிற நேரம் அதுதான். அப்போது உங்கள் கையில் போன் இருக்கக் கூடாது.

"அவசரமாக யாராவது எடுத்தால்?" நியாயமான பயம்தான், அதற்கும் வழி இருக்கிறது. போன் செட்டிங்ஸில், அழைப்பு வந்தாலும் மணி அடிக்காமல் வைக்கும் 'டூ நாட் டிஸ்டர்ப்' போடுங்கள். மாலையில் தானாகவே வரும்படி நேரமும் குறித்து வைக்கலாம். திரும்பத் திரும்ப அழைப்பவர்களை மட்டும் அனுமதிக்கும் வசதி அதிலேயே உண்டு. அதைப் போட்டுவிட்டால், ஒரே ஆள் அண்ட்ரொய்டில் 15 நிமிடத்துக்குள், ஐபோனில் 3 நிமிடத்துக்குள் மறுபடி எடுக்கும்போது மணி அடிக்கும். "அவசரம் என்றால் இரண்டு தரம் எடுங்கள்" என்று வேலையிடத்தில் சொல்லிவையுங்கள். அப்புறம் போனை இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) வைத்துவிட்டு அடுப்படிக்குப் போங்கள்.

கொழும்பு திரும்பிய பிறகு வீடியோ கோல் எடுப்பதும் அதே அந்தி நேரத்தில் இருக்கட்டும். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, ஓடுகிற அம்மாவால் நின்று பேச முடியாது.